நெதர் விக்ஸ்டோவின் மேட்டு நிலம்

அல் குசைஸ், துபாய்
புரட்டாதி, 1986

அன்பு மகள் குமுதினிக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் இங்கே உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மருமகன் பாலேந்திராவும் சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும், ஆகையால் அதைக் கேட்டு உன்னைப் பொய் சொல்ல வைக்க மாட்டேன். நல்லூரான் உங்கள் இரண்டு பேரையும் கைவிடாமல் இருக்கட்டும். இங்கே வெக்கை இன்னும் இறங்கவில்லை, பகல் முழுக்க ஏசி இரைந்துகொண்டே இருக்கிறது, அம்மாவுக்கு அந்த இரைச்சலில் தலையிடி. ஊரிலிருந்து நாகவள்ளி சித்தி எழுதியிருக்கிறாள், சண்டையில் எங்கள் வீட்டுக்கு இன்னும் சேதமில்லையாம், ஆனால் இந்தப் பக்கம் வர நினைக்க வேண்டாம் என்று அடிக்கோடு போட்டிருக்கிறாள். ஊருக்கும் போக முடியாது, உன்னிடமும் வர முடியாது, இந்த மணலில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

மிஸ்டர் பெல் லீவு முடிந்து இங்கிலாந்திலிருந்து வந்துவிட்டார். அவர் உன்னிடம் வந்து போனதை நீ ஒரு வரியில் எழுதியிருந்தாய், பார்சல் கிடைத்தது, நல்ல மனிதர், தேநீர் குடித்தார் என்று. அவ்வளவுதானா நடந்தது? பெல் எங்கள் சைட் ஆபீசில் சர்வேயர், அவர் அளந்து கொண்டுவருவதை நான் படமாக வரைகிறேன், நாலு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை, ஆகவே அவர் எதையாவது மறைத்தால் எனக்குத் தெரிந்துவிடும். ஒரு கிழமையாக என் முகத்தைப் பார்க்காமல் திரிந்தார். பிறகு ராஸ் அல் கைமா சைட்டுக்குப் போகும்போது, கார் ஓட்டிக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். உன் வீடு பூட்டியிருந்ததாம். பக்கத்து வீட்டு மிஸிஸ் டாட் என்ற கிழவி, மேலே தேவாலயத்தில்தான் இருப்பாள், எந்த நாளும் அங்கேதான் என்று கை காட்டினாளாம். நல்ல மழையாம். நீ உன் மழைக்கோட்டைக் கழற்றி எங்கள் பேத்தி கிடக்கிற மண்ணின் மேல் விரித்துவிட்டு, அதன் நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு, பக்கத்தில் நனைந்துகொண்டு இருந்தாயாம். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாயாம். அவரைக் கோபிக்காதே மகள், அவருக்கும் மூன்று பெண் பிள்ளைகள். காரை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் தனியாக விட்டார். அந்த ரோட்டோரத்தில் நான் எப்படி அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

உன்னைத் திட்டத்தான் முதலில் பேனை எடுத்தேன். பிள்ளை பெற்ற உடம்பு, அரை வருஷம்கூட ஆகவில்லை, வெட்டித் தைத்த வயிறு, மழையில் நின்று காய்ச்சல் வரவழைத்தால் யார் பார்ப்பது? அம்மா உன் பத்தியத்துக்கென்று வறுத்து இடித்து அனுப்பிய சரக்குத்தூள் அந்தப் பார்சலில் இருந்தது, அதைத் திறந்தாவது பார்த்தாயா? பெற்ற மனம் பித்து என்று சொல்வார்கள், அதை இத்தனை நாளும் எங்களுக்குத்தான் சொன்னார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது உன்னுடையதும் பெற்ற மனம்தான். அதனால் திட்டுவதை விட்டுவிட்டேன்.

பாலேந்திராவும் எனக்கு எழுதியிருக்கிறான். அவனுடைய அண்ணன் கனடாவுக்குக் கூப்பிட்டிருப்பதும், ரொறன்ரோவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை சரிவந்திருப்பதும், தை மாதத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்பதும் நீ எனக்குச் சொல்லாத செய்திகள். நீ அவனிடம் என்ன சொன்னாய் என்பதையும் எழுதியிருக்கிறான். நீங்கள் போங்கோ, நான் பிள்ளையோட இருக்கிறன் என்றாயாம். பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுக் கடல் கடந்து போகிற தாய் தாயா என்று கேட்டாயாம். மாமா, நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பாள், கட்டளையாக எழுதுங்கோ என்று என்னிடம் கெஞ்சியிருக்கிறான். நான் எந்தக் காலத்தில் உனக்குக் கட்டளை போட்டேன், போட்டால் நீ எந்தக் காலத்தில் கேட்டாய்? ஆனால் ஒன்றை நினைத்துப் பார். பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் கண்ணை மூடியபோது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். எங்கள் வழக்கத்தில் பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான், தாய் கூடப் போவதும் இல்லை. அந்தச் சின்னப் பெட்டியைத் தன் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏறியவன் அவன். கூட நம் ஆட்கள் ஒருவரும் இல்லை. அவனுக்கு நெஞ்சு கல்லு என்று மட்டும் நினைத்துவிடாதே.

பெல் எனக்கு உங்கள் பக்கத்து வரைபடம் ஒன்று வாங்கி வந்து தந்தார், நடந்து திரிகிறவர்கள் கையில் வைத்திருக்கும் படமாம். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது, டியூட்டி முடிந்த பிறகு அதை என் மேசையில் விரித்துக் குண்டூசி குத்தி வைத்துவிட்டு அதற்கு முன்னால்தான் இருக்கிறேன். நீ மூன்று வருஷமாக இருக்கும் இந்த நெதர் விக்ஸ்டோ ஊரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். கீழே பள்ளத்தில் ஒரு ரோட்டு, அதன் ஓரம் உங்கள் ஏழெட்டு வீடு, ஒரு பண்ணை, ஒரு குளம், ஒரு டெலிபோன் பெட்டி. கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. பாலேந்திரா வேலை செய்யும் மனநோய் ஆஸ்பத்திரி காட்டுக்கு அந்தப் பக்கம். வடக்கே நிலம் ஏறுகிறது, அந்த ஏற்றத்தின் முதுகில், ஒரு வீடும் பக்கத்தில் இல்லாமல் தேவாலயம் தனியாக நிற்கிறது. உயரக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு போனேன். தேவாலயத்தைச் சுற்றிய நிலம் நாலு பக்கமும் சரிகிறது, அங்கே தண்ணீர் நிற்க வழியில்லை. அந்த மேடு முழுக்கச் சுண்ணாம்புக் கல், யாழ்ப்பாணத்து நிலத்துக்கு ஒரு தூரத்து உறவு என்று வை. எவ்வளவு மழை பெய்தாலும் உடனே உள்ளே இறங்கி, கீழே ரோட்டோரத்தில் ஊற்றாக வந்து, வாய்க்காலாக ஓடிக் கடலுக்குப் போய்விடுகிறது. உங்கள் குளம் வற்றாமல் இருப்பதும் அதனால்தான். பெல்லையும் கேட்டேன், அவரும் ஆம் என்றார். ஆகவே பிள்ளை ஈரத்தில் கிடக்கவில்லை, குமுதினி. தகப்பன் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று எண்ணாதே. முப்பது வருஷமாக நிலத்தை வரைகிறவன் சொல்கிறேன். இனிமேல் அந்த மழைக்கோட்டை நீயே போட்டுக்கொள்.

அந்தத் தேவாலயம் ஏன் தனியாக நிற்கிறது என்று நீ யாரையாவது கேட்டதுண்டா? மிஸிஸ் டாட் பெல்லுக்குச் சொன்னாளாம். அந்தக் காலத்தில் ஊரே மேலேதான் இருந்ததாம். தேவாலயத்துக்குப் பின்னால் செம்மறி மேய்கிற வயலில் திட்டுத் திட்டாக மேடு தெரியுமே, அதெல்லாம் வீடு இருந்த இடம், நடுவே நீளமாகத் தாழ்ந்து கிடப்பது தெரு. கொள்ளை நோயில் பாதிச் சனம் செத்ததாம், மிச்சப் பேரை நிலக்காரன் செம்மறி வளர்க்க என்று வீட்டை இடித்துத் துரத்தினானாம். எது முதல், எது பிறகு என்று கிழவிக்கும் சரியாகத் தெரியாதாம். அந்தச் சனம் சட்டி பானையோடு இறங்கி வந்து, ஊற்று இருந்த இடத்தில் ரோட்டோரம் குடிசை போட்டார்கள், அதுதான் நீங்கள் இருக்கிற தெரு. புதைத்தவர்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தார்களா? இல்லை, மேலேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஆனால் நானூறு ஐந்நூறு வருஷமாகப் புல்லு வெட்ட ஆள் முறை வைத்து ஏறுகிறார்களாம், இந்த வருஷம் முறை மிஸிஸ் டாட்டின் மகனுடையது, அவன் எங்கள் பிள்ளையின் பக்கத்தில் மட்டும் அரிவாளைப் போடாமல் கத்தரியால் வெட்டுகிறானாம். யார் பெற்ற பிள்ளையோ, அவனுக்கு ஏன் அந்தக் கவலை? வேறு சமயத்துப் பிள்ளை என்று அந்தப் பாதிரியாரும் தயங்கவில்லை, இந்த ஊரில் குடியிருக்கிறவருக்கு இந்த மண்ணில் இடமுண்டு என்று சொல்லித்தான் இடம் காட்டினாராம். உன் பிள்ளையை நீ அந்நியரிடம் விட்டுப்போகவில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். பெல் இன்னொன்றும் சொன்னார். தேவாலயச் சுவரில் ஒரு கல்லில் மூன்று பெயர், ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள், முதல் யுத்தத்தில் பிரான்சில் செத்தவர்கள், உடம்பு ஒன்றும் திரும்பி வரவில்லையாம், பெயரை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்து வைத்தார்களாம். இதை நான் அம்மாவுக்குச் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆள் இல்லாத இடத்தில் பேர் மட்டும் வைப்பினமோ என்று கேட்டாள். வைப்பார்கள் என்றேன். அவள் ஆய்ந்த கீரையையே திரும்பவும் ஆய்ந்தாள்.

இப்போது அந்தப் பலகைக்கு வருகிறேன். பெல் நல்ல எண்ணத்தில்தான் படம் எடுத்து வந்தார், தேவாலயம் ஒன்று, உங்கள் தெரு ஒன்று, பிள்ளையின் இடம் ஒன்று. அம்மா ஆசையோடு வாங்கிப் பார்த்தாள். தலைமாட்டில் நட்டிருந்த பலகையில் இங்கிலீஷ் எழுத்தில் பாலேந்திரா என்று இருந்தது. நாடியில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள், பிறகு போட்டாள் ஒரு கூச்சல். உயிரோடு இருக்கிற மருமகனின் பெயரைச் சவக்குழியில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று. என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கியது. முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துத்தானே நாங்கள் பெயர் வைக்கிறது, அதற்கு முன் போன பிள்ளைக்கு ஏது பெயர்? வெள்ளைக்காரனுக்கு அது தெரியுமா, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருப்பார்கள், இவன் அழுதுகொண்டே பாஸ்போர்ட்டில் இருந்ததைச் சொல்லியிருப்பான். எங்களுக்குத் தகப்பன் பெயர் தகப்பனுடைய பெயர் மட்டும்தான், அவர்களுக்கு அது வீட்டுப் பெயர். அவர்கள் மேல் குற்றமில்லை. அம்மா அன்றிலிருந்து பாலேந்திராவின் ஆயுளுக்கென்று வெள்ளிக்கிழமை பட்டினி கிடக்கிறாள். அந்தப் பலகையைப் பிடுங்கச் சொல்லி உனக்கு எழுதும்படி என்னைக் கரைச்சல் படுத்தினாள். ஆனால் பாலேந்திராவே பிடுங்கப் பார்த்தபோது நீ அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை என்று அவன் எழுதியிருக்கிறான். இதையும் எடுத்தால் அவள் இருந்ததுக்கே அடையாளமில்லை, பேரும் இல்லாமல் கிடக்கிறவளை ஆர் தேடுவினம் என்றாயாம். அந்த வரியை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. என்னால் முடியவில்லை.

அம்மா உன்னிடம் வருவதற்கு என்ன பாடுபட்டாள் என்பதை உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. எங்கள் விசாவுக்குப் பொறுப்பான அரபி கபீலிடம் கெஞ்சிப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, நல்ல சேலை உடுத்தி, விசாக் கந்தோரில் வரிசையில் நின்றாள். யாழ்ப்பாணத்து ஆள், போனால் திரும்பி வரமாட்டாய் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். பேரப்பிள்ளையின் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லச் சொன்னாள், நான்தான் மொழிபெயர்த்தேன், அந்தப் பெண் தலை நிமிரவில்லை. வெளியே வந்து, வெயிலில், இவ்வளவு பெரிய உலகத்தில் எனக்கு ஒரு பிடி மண்ணைப் பார்க்க விடமாட்டினமாம் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் சரியாகச் சாப்பிடாமல் போனாள்.

எங்கள் பக்கத்துப் பிளாட்டில் கலீலுர் ரஹ்மான் இருக்கிறார், கீழக்கரைக்காரர், அவருடைய மனைவி ரஹீமா பீவியும் அம்மாவும் நல்ல சிநேகிதம். அந்தப் பெண்ணுக்கும் ஒரு பிள்ளை ராஸ் அல் கைமா மையவாடியில் கிடக்கிறது. அவர் அங்கே சிமெண்ட் பாக்டரியில் வேலை செய்த காலத்தில் போனதாம், பிறகு வேலை மாறி இங்கே வந்துவிட்டார்கள். தலைமாட்டில் ஒரு மொட்டைக் கல்லுத்தானாம், இப்போது போனால் எது என்று கண்டுபிடிக்கக்கூட முடியாதாம். இதை அவள் அழாமல் சொன்னாள். எந்த ஊரில் இருந்தாலும் தொழுது முடித்துப் பெயரைச் சொல்லித்தான் கேட்பேன், அது போய்ச் சேர்ந்துவிடும் என்றாள். பிறகு உன் பிள்ளையின் பெயரைக் கேட்டாள், அவளும் தன் துவாவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று. பெயர் வைக்கவில்லை என்றாள் அம்மா. ரஹீமா பீவி வாயில் கையை வைத்தாள். “பேரு இல்லாம எப்டிக்கா அந்தப் புள்ளைய நெனைப்பீங்க? தூரத்துல இருக்குற புள்ளைய பேரச் சொல்லித்தானே கூப்புடணும்?” என்றாள்.

நேற்று வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு, அம்மா காலமை தலை முழுகிவிட்டு வந்து விளக்கைக் கொளுத்தினாள், என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினாள். பிள்ளைக்குப் பெயர் வைக்கப் போகிறேன் என்றாள். கழிந்த பிறகு பெயர் வைக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. வழக்கமெல்லாம் ஊரில், இங்கே நாங்கள் இரண்டு பேர்தானே என்றாள். என்ன பெயர் என்றேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என்னுடைய ஒரு சொல்லும் இதில் இல்லை:

“என்ர பேர வையுங்கோ. வள்ளிநாயகி எண்டு வையுங்கோ. அவள் அங்க தனியக் கிடக்கிறாள். என்னை விடமாட்டினமாம், என்ர பேரெண்டாலும் போய் அவளோட கிடக்கட்டும். அம்மா பாத்துக்கொள்ளுவா எண்டு சொல்லிக் குமுதினியைப் போகச் சொல்லுங்கோ.”

மருமகனின் பெயரை அந்தப் பலகையில் கண்டு கூச்சல் போட்டவள்தான் இதைச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன், கோபத்தில் கத்தினேன் என்றே சொல்ல வேண்டும், உயிரோடு இருக்கிறவள் நீ, உனக்கு என்ன பைத்தியமா என்று. அவள் அசையவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரு காதுக்குள் சொல்கிற மாதிரி, தன்னுடைய பெயரைத் தானே மூன்று தரம் சொன்னாள். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். நான் அவளைக் கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது, ஒரு நாளும் அவளுடைய காலைத் தொட்டதில்லை, நேற்றுத் தொட வேண்டும் போல் இருந்தது. தொடவில்லை, எழுந்து போய் முகத்தைக் கழுவினேன்.

ஆகவே மகள், அந்தப் பலகையை எடுத்துவிடு. பாலேந்திராவையே எடுக்கச் சொல், அவனுடைய பெயர் அவனோடு இருக்க வேண்டும், கன காலம் இருக்க வேண்டும். பாதிரியாரிடம் கேட்டு ஒரு சின்னக் கல் வைக்கலாம். எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று இங்கிலீஷிலும் தமிழிலும் நான் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். இந்த ஒரு பெயரை வரைய எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது, மை கலங்கிக் கலங்கி நாலு தாள் வீணாகியது. மிஸிஸ் டாட்டின் மகனுக்கு அந்தப் பெயரைச் சொல்லப் பழக்கு, வாய்க்கு வராவிட்டால் வள்ளி என்று சொல்லட்டும். பிறகு நீ பாலேந்திராவோடு புறப்படு. அந்த ஊர்ச் சனம் தங்கள் ஆட்களை விட்டு அரை மைல்தான் போனார்கள், நீ சமுத்திரத்தைத் தாண்டிப் போகப் போகிறாய், இரண்டும் ஒன்று என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நாங்களும் பிள்ளையை ஒரு கரையில் விட்டுவிட்டு இன்னொரு கரையில் இருக்கிறவர்கள்தானே. ஆனால் பிள்ளையிடம் இப்போது ஆள் இருக்கிறது. நீ போகலாம்.

புறப்படுவதற்கு முன் சரக்குத்தூளைக் கரைத்துக் குடி, தலையில் ஈரம் படாமல் பார், பாலேந்திரா வேலையால் வந்தால் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் இரு, பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் புது நாட்டில் உங்களுக்குக் குறையொன்றும் வராமல் அந்த முருகன் காக்கட்டும், தீர்க்காயுளும் மன ஆறுதலும் தரட்டும். கல் வைத்த அன்றைக்கு மறக்காமல் எழுது, அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவையும் கையெழுத்து வை என்று இப்போது பேனையைக் கொடுத்தேன். அந்தப் பேர நான் பிள்ளைக்குக் குடுத்திட்டன், இனி எனக்கு அது இல்லை என்கிறாள். அவள் எழுதியது கீழே இருக்கிறது.

இப்படிக்கு உன் அப்பா,
வ. நவரத்தினம்

அம்மா